கணக்கு முடிந்தும் ஆட்டம் முடியவில்லை



கோடை விடுமுறையில் எங்கள் வீட்டிலிருந்து 'தொம் தொம்' என்று சத்தம் வருவதாகக் கீழ்வீட்டு அம்மா சொன்னது நியாயமான புகார்தான். டிவியில் வரும் அம்புக்குறிகளுக்கு ஏற்ப, தரையில் விரித்த விரிப்பை மிதித்து என் பேத்தி ஆடிக்கொண்டிருந்தாள். "இந்த கேமை எப்பவோ நிறுத்திட்டாங்க தாத்தா" என்றாள். நிறுத்திய விளையாட்டு நம் வீட்டில் எப்படி ஓடுகிறது? 35 வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவனுக்கு இது உறுத்தியது. தேடிப் படித்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1998-ல் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. காசு போட்டு ஆட வேண்டும். பாட்டு ஓடும்போது திரையில் நான்கு திசை அம்புகள் மேலேறி வரும். தாளம் தப்பாமல் காலடியில் உள்ள அதே அம்பை மிதித்தால் மதிப்பெண். பல நாடுகளில் இளைஞர்கள் இதற்கு அடிமையானார்கள்.

இதே ஆட்டத்தைக் கணினியில் ஆடுவதற்காக ரசிகர்கள் சிலர் 2001-ல் 'ஸ்டெப்மேனியா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதை இலவசமாகவும் கொடுத்தார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராக்ஸர் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம், இந்த மென்பொருளை அடிப்படையாக வைத்து, அதை எழுதியவர்களில் சிலரையும் சேர்த்துக்கொண்டு, 2004-ல் 'இன் தி குரூவ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மிதிக்கக் கூடாத கண்ணிவெடிகள், இரண்டு கால் போதாமல் கையையும் ஊன்ற வேண்டிய இடங்கள் என்று இது இன்னும் கடினம். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அதுதான் பிடித்தது.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? கொனாமியின் பழைய இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தும்படி இந்த ஆட்டத்தை விற்றார்கள். பெட்டியை விலைக்கு வாங்கியவர் அதற்குள் வேறு ஆட்டத்தைப் போடலாமா? காப்புரிமையும் வணிகச் சின்னமும் மீறப்பட்டதாக 2005 மே மாதம் கொனாமி வழக்குப் போட்டது. வழக்கு நடக்கும்போதே இரண்டாம் பாகம் வந்தது. கொரியாவின் ஆண்டமிரோ நிறுவனம் அதற்குத் தனி இயந்திரமே செய்துகொடுத்தது. தன் மதிப்பெண்களை யுஎஸ்பி குச்சியில் சேமித்து எடுத்துப்போகும் வசதியும் அதில் இருந்தது.

2006 அக்டோபரில் சமரசம். 'இன் தி குரூவ்' உரிமைகள் கொனாமியின் கைக்குப் போயின. மூன்றாம் பாகம் வரவே இல்லை. இரண்டே வருடத்தில் கணக்கு முடிந்தது.

கொனாமியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் உழைத்துக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். தங்கள் சொத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வாங்கியது பெயரையும் உரிமையையும்தான். அடியில் இருந்த இலவச மென்பொருள் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. ரசிகர்கள் அதைத் தொடர்ந்து திருத்தி வருகிறார்கள். இன்று 'ஐடிஜிமேனியா' என்ற பெயரிலும் அது நடமாடுகிறது. பேத்தி ஆடியது அதைத்தான்.

லாபத்துக்கு நடத்தியது மூடிவிட்டது. சம்பளமில்லாமல் செய்தவர்களின் வேலை நிற்கிறது. சங்க வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் நம்மவர்களுக்கு இது ஒரு சின்ன ஆறுதல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாடி வீடுகளில் குதித்தால் கீழே இருப்பவர்களுக்குத் தலைவலி. தரைத்தளத்துப் பொது அறையை சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் தரலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப் போகிறேன். மென்பொருளுக்குச் செலவில்லை. விரிப்பு என் பொறுப்பு. மறுப்பதற்கு முன் ஒருமுறை ஏறி மிதித்துப் பாருங்கள். நான் மிதித்தேன், ஒரு பாட்டு முடிவதற்குள் மூச்சு வாங்கியது. ஆனால் அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போகாத குறை தீர்ந்தது.