கயிறும் கதவும்

தாமிரபரணி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை முழுவதையும் போர்த்துகீசியர் இங்கிருந்துதான் ஆண்டார்கள். தலைமை தூத்துக்குடிக்குப் போனது பிறகுதான். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர்கள் முத்தைப் பற்றி எழுதினார்கள், குளியாளின் மூச்சைப் பற்றி எழுதினார்கள். படகில் கயிறு பிடித்தவரைப் பற்றிய பேச்சு குறைவு. கல்லைக் காலில் கொண்டு குளியாள் பாருக்கு, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கு, இறங்குவார். கல் தரை தட்டியதும் அதை மேலே இழுத்துவிடுவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பி அரித்தபின் அவர் கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் அவரைத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது அதன் நியாயம். ஆனால் பாசம் மட்டும் போதாது, அதோடு ஒரு தொழில் நுட்பமும் வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போதெல்லாம் கயிறு இழுபடும். நீரோட்டம் இழுக்கும், பக்கத்துக் கயிறு உரசும். இத்தனை அசைவையும் கண்டுகொள்ளாமல் இருந்து, ஒரே ஒரு சுண்டலுக்கு மட்டும் கை எழ வேண்டும். எதை விடுவது, எதற்கு எழுவது என்ற இந்தத் தேர்வைத்தான் இன்றைய மின்னிசைக்காரர்கள் ‘நாய்ஸ் கேட்’ என்ற பெயரில் ஒரு மின்சுற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் ஒலி ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் திறக்கும் கதவு அது, அந்த அளவைப் பார்க்கும் பகுதி அதன் காவல்காரன். அந்தக் கருவியின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கதவு எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதைவிட, காவல்காரன் எங்கே நின்று பார்க்கிறான் என்பதே எப்போதும் முக்கியமாக இருந்திருக்கிறது.

மின்கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்தது. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் அதே சுருள், சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் பிடிக்கும். நம் ஊரில் அது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி ரீங்காரம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளச் செய்யும் ஹம்பக்கருக்குக் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் காப்புரிமை கேட்டார். பெருமளவு ரீங்காரம் அதோடு தீர்ந்தது, முழுவதும் தீரவில்லை. மெல்லிசைக்கு மிச்சம் பொருட்டல்ல. ஹெவி மெட்டல் வந்தபோது பொருட்டானது. 60 டெசிபல் பெருக்கம் (கெயின்) என்றால் மின்னழுத்தம் 1,000 மடங்கு. கிசுகிசுப்பு அந்த அளவில் கூச்சலாகிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. டிஸ்டார்ஷன் பெரிய ஒலியின் தலையைச் சீவிவிடும், சின்ன ஒலியைத் தூக்கிவிடும். ஓங்கி அடித்த தந்திக்கும் வெறும் இரைச்சலுக்கும் கிட்டாரில் இருந்த மலையளவு இடைவெளி, பெருக்கியான ஆம்பைத் தாண்டும்போது வரப்பளவு ஆகிவிடுகிறது. ஆம்புக்குப் பின்னால் நிற்கும் காவல்காரனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் கேட் 1970களிலேயே புழங்கியது. 1980இல் பீட்டர் கேப்ரியலின் ‘இன்ட்ரூடர்’ பாட்டில் ஃபில் காலின்ஸ் அடித்த டிரம்ஸின் முழக்கத்தைக் கேட் பாதியில் வெட்டியது. அதுவரை எடுபிடியாக இருந்த கருவி ஒரு வாத்தியமாக மாறிய தருணம் அது. கிட்டார்காரர்களின் காலடிக்கும் அது பெடலாக வந்தது; 1979 வாக்கில் வந்த பாஸ் நிறுவனத்தின் என்எஃப்-1 அவற்றில் ஒன்று. அதை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். ஆம்புக்கு முன்னால் வைத்தால் கிட்டாரின் ரீங்காரம் அடங்கும், ஆனால் ஆம்ப் தானே போடும் இரைச்சல் அப்படியே வரும். பின்னால் வைத்தால் காவல்காரன் குழம்பிப்போவான், கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். 1987இல் அதே நிறுவனத்தின் என்எஸ்-2 இதற்கொரு வழி காட்டியது. இரைச்சல் போடும் பெடல்களையும் ப்ரீ-ஆம்பையும் ஒரு சுற்றுவழியில் போட்டு, கதவைப் பின்னால் வைத்துவிட்டு, பார்வையை மட்டும் முன்னால், கிட்டார் உள்ளே நுழையும் இடத்தில் வைத்தார்கள். கதவு ஓரிடம், கண் ஓரிடம். இந்தக் கருவியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய யோசனை எதுவும் இல்லை என்பேன்.

ஆனால் யோசனை கிட்டார் பெடலுக்கு முந்தியது. மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கப் போகும் பல படகுகளில் இன்று வி.எச்.எஃப். ரேடியோ உண்டு. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற பண்பலை முறையில் அது இயங்குகிறது. யாரும் பேசாதபோது பண்பலை வானொலி காது கிழிய இரையும். அதை அடக்க இருக்கும் திருகு ‘ஸ்குவெல்ச்’. பெயர் வேறானாலும் அதுவும் ஒரு கேட்தான். பல ரேடியோக்களில் இது வேலை செய்யும் விதம் கவனிக்கத்தக்கது. குரல் வருகிறதா என்று அது பார்ப்பதில்லை. பேச்சுக்கு எட்டாத உயரத்தில், காதுக்கு வேண்டாத அலைவரிசையில், இரைச்சல் குறைகிறதா என்று பார்க்கிறது. குறைந்தால் எங்கோ ஒரு படகு பேசத் தொடங்கியிருக்கிறது என்று பொருள், கதவு திறக்கும். கயிறு பிடித்தவர் கண்ணை நீரில் வைக்காமல் விரலில் வைத்தது போல, இங்கும் காவல் கதவருகே நிற்கவில்லை.

1998இல் லைன் 6 நிறுவனத்தின் பாட், 2006இல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ் என்று டிஜிட்டல் மாடலர்கள் வந்தபோது அடிப்படையே மாறியது. இதைப் பலர் கவனிக்கவில்லை என்பது என் கணிப்பு. வால்வு ஆம்ப் தானே இரையும். மாடலருக்குள் இருக்கும் ஆம்ப் ஒரு கணக்கு, அது தானாக இரைவது மிகக் குறைவு. நீங்கள் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு பிக்கப்பும் கேபிளும் கொண்டுவருவது. ஆக, ஆம்புக்கு முன்னால் நுழைவாயிலிலேயே கண்ணையும் கதவையும் சேர்த்து வைத்துவிடலாம். இரைச்சலுக்கும் இசைக்கும் இடைவெளி அங்கேதான் மிக அதிகம். இருந்தும் பழைய பழக்கத்தில் ஆம்புக்குப் பின்னால் இன்னொரு கேட்டை அடுக்கி, அதன் த்ரெஷோல்டை, அதாவது கதவு திறக்கும் அளவை, ஏற்றி ஏற்றி, தந்தியின் முனகலையும் சேர்த்துக் கொல்கிறார்கள். பின்கதவுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. கத்தி போட்டு நறுக்கியது மாதிரி ரிஃப் நிற்க வேண்டுமென்றால் ஒலியின் வாலை அறுக்க அது வேண்டும். அப்போதும் அதன் கண்ணை நுழைவாயிலில் வைக்க வழியிருக்கும் மாடலரில் அப்படியே வையுங்கள். வழியில்லாததில், முன்கதவை முதலில் சரிசெய்துவிட்டுப் பின்கதவைத் தொடுங்கள். திறக்கும் அளவும் மூடும் அளவும் தனித்தனியாக இருந்தால், மூடும் அளவைச் சற்றுக் கீழே வையுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் தேயும் ஒலி அந்தக் கோட்டில் தத்தளித்துப் படபடக்கும்.

இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மிருதங்கத்தைக் காட்டலாம். கார்வை விழும் இடத்தில் ஒலி இல்லை, ஆனால் தாளம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தையும் எண்ணித்தான் கணக்கு முடிகிறது. ஸ்வீடனின் மெஷுகா 2005இல் வெளியிட்ட ‘கேட்ச் தர்ட்டித்ரீ’யில் மாடலிங் ஆம்ப் வழியாக வாசித்த அடிகளுக்கு நடுவே அதே கணக்கு நடக்கிறது. டெல்லியில் கேஷவ் தர் வீட்டில் பதிவு செய்யத் தொடங்கி, 2012இல் முதல் ஆல்பம் வெளியிட்ட ஸ்கைஹார்பரும் இந்த மரபில் வந்ததே. நிசப்தம் ஓர் அடியாக வேண்டுமென்றால் அது சுத்தமாக இருந்தாக வேண்டும். அடிகளுக்கு நடுவே இரைச்சல் கசிந்தால் கார்வை அழிந்துபோகும்.

கேட் என்பது மோசமான வாசிப்பை மறைக்கும் திரை என்ற குற்றச்சாட்டு பழையது. அதில் பாதிதான் உண்மை. வலது உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கத் தெரியாதவருக்குக் கேட் உதவாது. தொடாத தந்தி அதிரும்போது கதவும் திறந்தே இருக்கும், அந்தக் குப்பை முழுவதும் உள்ளே வரும். கேட் இரைச்சலை நீக்குவதில்லை. வாசிக்காத நேரத்தில் மட்டும் மறைக்கிறது. வாசிக்கும்போதும் இரைச்சலைக் குறைக்க ராக்ட்ரானின் ஹஷ் போன்ற கருவிகள் வடிகட்டியைச் சேர்த்துக்கொண்டன, அது வேறு வித்தை. எனவே கேட் மறைப்பதைவிடக் காட்டிக்கொடுப்பதே அதிகம்: இடைவெளி சுத்தமான பின் கையின் பிசகு பளிச்சென்று தெரியும். இரைச்சலும் ராக் இசையின் உயிரில் ஒரு பங்கு என்பார்கள் வேறு சிலர். நீளமான லீட் வரிக்கு அது சரி. அங்கே த்ரெஷோல்டைத் தாழ்த்தி, மூடும் வேகத்தைக் குறைத்து, தேயும் சுரத்தை முழுவதும் விட்டுவிட வேண்டும். ஒரே அமைப்பில் எல்லாப் பாட்டும் வாசிப்பவர்தான் தவறு செய்கிறார்.

உயிரைக் காத்த கயிற்றையும் மேடைக் கிட்டாரையும் ஒப்பிடுவது மிகை அல்லவா என்று கேட்கலாம். கடலில் ஸ்குவெல்ச்சை அளவுக்கு மேல் திருகிவிட்டால் அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலில் தூரத்துப் படகின் மெலிந்த அபயக்குரல் கேட்காமலே போகும். மேடையில் போவது ஒரு சுரம் மட்டுமே. விலை ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழை ஒன்றே: இரைச்சலுக்குப் பயந்து, மெலிதாக வரும் நிஜமான செய்தியைத் தள்ளிவிடுவது. அந்தப் பிழையைச் செய்யாமலிருக்க மனிதர்கள் உடம்பால் கற்ற இடம் இந்தக் கரை என்பதால்தான் கிட்டாரைப் பற்றிப் பேச இங்கு வந்தேன்.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அன்று இருபது வயதில் கயிறு பிடித்தவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அலையின் இழுப்பும் குளியாளின் சுண்டலும் கைக்கு எப்படி வேறுபட்டுத் தெரிந்தன என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே யாராவது பதிவு செய்யுங்கள். புன்னைக்காயலிலும் பழையகாயலிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி அது.