பழைய டிராக்டரும் பாடபேதமும்

செல்லரித்த ஏடு ஒன்றில் சில சொற்கள் மறைந்துபோயின என்று வைத்துக்கொள்வோம். நல்ல பதிப்பாசிரியர் அவ்விடத்தைத் தம் மனம்போனபடி இட்டு நிரப்புவதில்லை. முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை நோக்குவார். சீரையும் தளையையும் கணக்கிடுவார். வேறு பிரதிகளைத் தேடி ஒப்பிடுவார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியது இத்தகைய உழைப்பினால்தான். இம்முறை ஓலைக்கு மட்டுமன்றி இரும்புக்கும் பொருந்தும். உறுப்புகள் குறைந்து கிடக்கும் பழைய டிராக்டரைச் செப்பனிட முனைவோர் செய்வதும் ஒருவகை ஏட்டாராய்ச்சியே.

இத்தகைய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் மிகுந்த இடமுண்டு. விடுதலைக்குப் பின் உணவுப் பற்றாக்குறை பெருங்கவலையாக இருந்தது. மத்திய இந்தியாவில் 'கான்ஸ்' என்னும் ஆழ வேரூன்றும் புல் மண்டிய நிலங்களைப் பண்படுத்தும் பொருட்டு, 1949ஆம் ஆண்டில் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கியது. அதனைக்கொண்டு டிராக்டர்கள் வாங்கப்பட்டன. 1956இல் ராஜஸ்தானத்தின் சூரத்கட்டில், சோவியத் நாடு நன்கொடையாக அளித்த யந்திரங்களைக்கொண்டு மத்திய அரசின் பெரும்பண்ணை தொடங்கியது. இவ்வாறு பல நாட்டு யந்திரங்கள் நம் மண்ணை உழுதன. உறுப்பு ஒன்று ஒடிந்தால் மாற்று உறுப்பு கப்பலேறி வரவேண்டும். விதைப்புக் காலமோ யாருக்கும் காத்திராது. ஆகவே ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் பொருத்துவதும், அருகிலிருந்த பட்டறையில் புதிதாகக் கடைந்துகொள்வதும் வழக்கமாயின.

அக்காலத்து யந்திரங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹாரி ஃபெர்குஸன் வகுத்த டி.இ.20 என்னும் சாம்பல்நிற டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேலாக உருவாயிற்று, இந்தியாவுக்கும் வந்தது. ஒரே தோற்றமுடையதாயினும் அதற்குள் பல வகைகள் உண்டு. முதலில் வந்தவற்றில் அமெரிக்க காண்டினென்டல் எஞ்சின். பின்னர் வந்தவற்றில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் எஞ்சின். தகட்டில் டி.இ.டி. என்று பொறித்திருந்தால் மண்ணெண்ணெய் வகை, டி.இ.எஃப். என்றிருந்தால் டீசல் வகை.

தகடே இல்லையெனில் என்செய்வது? எஞ்சிய உறுப்புகளை வினவவேண்டும். மண்ணெண்ணெய் வகையை முதலில் பெட்ரோலால் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆதலின் அதன் எரிபொருள் தொட்டியில் இரண்டு அறைகள் இருக்கும். மண்ணெண்ணெயை ஆவியாக்க வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைக் காக்க எஞ்சினின் பக்கத்தில் ஒரு தகட்டு மூடி உண்டு. மூடி தொலைந்திருந்தாலும், தொட்டியின் அறைகள் அதற்குச் சாட்சி கூறும். அதனைக் கேளாது பெட்ரோல் வகையென முடிவு செய்து உறுப்புகளைப் பொருத்திவிட்டு, பின்னர் மண்ணெண்ணெய் ஊற்றினால், ஆவியாகாத எண்ணெய் கீழே கசிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். எஞ்சின் விரைவில் தேய்ந்து கெடும்.

மரையும் ஒரு சாட்சி. விட்வொர்த் என்பார் 1841இல் வகுத்த பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை; அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 பாகை. ஃபெர்குஸன் இங்கிலாந்தில் உருவானபோதிலும், அதன் முன்னோடி ஃபோர்டுடன் கூட்டாக அமெரிக்காவில் பிறந்தது. அதனால் பெரும்பாலும் அமெரிக்க மரைகளையே கொண்டது. அதன் உடலில் மெட்ரிக் மரை வெட்டிய துளை ஒன்று தென்படுமாயின், அது பிற்காலத்துக் கைவேலை என்று ஐயுற இடமுண்டு.

காணாமற்போன பல்சக்கரத்தையும் கணக்கினால் மீட்கலாம். ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு நேர்ப்பல் சக்கரங்களின் மைய இடைவெளி 6 அங்குலம், பல்லளவு அங்குல விட்டத்துக்கு 8 பல் என்க. இடைவெளியை இரட்டித்து எட்டால் பெருக்கினால் 96 வரும். இதுவே இரண்டின் மொத்தப் பற்கள். எஞ்சியுள்ள சக்கரத்தில் 60 பற்கள் இருந்தால், தொலைந்ததற்கு 36. அது எவ்வளவு அகலமென்பதை எஞ்சிய பற்களில் தேய்ந்து பளபளக்கும் பட்டையே காட்டிவிடும்.

ஆயினும் எல்லா உறுப்பும் இவ்வாறு தன் வடிவை விட்டுச் செல்வதில்லை. ஃபெர்குஸனின் சிறப்பு, கலப்பையை மூன்று இணைப்புகளால் தாங்கும் அமைப்பில் உள்ளது. நிலம் இறுகும்போது மேலிணைப்பு ஒரு சுருள்வில்லை அழுத்த, அவ்வழுத்தம் எண்ணெய்ப் பம்பின் வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே உயர்த்தும். அவ்வில்லின் இடத்தில் அதே நீளமும் தடிப்பும் உள்ள வேறு வில்லைப் பொருத்தினால் கண்ணுக்குக் குறை தோன்றாது. அதன் விறைப்பு வேறாயின் உழவின் ஆழம் நிலைகொள்ளாது. இங்கே பிற பிரதிகளின் உதவி இன்றியமையாதது: தொழிற்சாலை வெளியிட்ட உறுப்புப் பட்டியல், அதே ஆண்டின் மற்றொரு வண்டி. பிற்கால வண்டி முழுச் சான்றாகாது. சென்னையில் 1960இல் மாஸி ஃபெர்குஸன் நிறுவனத்தின் கூட்டுறவோடு டாஃபே நிறுவனம் தோன்றியது. அதன் வண்டிகள் ஃபெர்குஸன் மரபினவே. எனினும் வழித்தோன்றலின் உறுப்பை முன்னோரிடம் ஆராயாது ஏற்றலாகாது.

இனி நாம் சிந்திக்கவேண்டிய வினா ஒன்றுண்டு. வயலோரக் கொல்லரோ கடைசல் பட்டறைக்காரரோ செய்து பொருத்திய உறுப்பை என்செய்வது? 'இது மூலமன்று' என்று கழற்றி எறிந்துவிட்டு, கடைப்பொருளை மாட்டிப் புதுச் சாயம் பூசுவோர் பலர். ஏட்டின் மொழியில் அவ்வுறுப்பு இடைச்செருகலே. ஆனால் அந்த இடைச்செருகல்தான், அயல்நாட்டு உறுப்பு வராத ஒரு பருவத்தில் விதைப்பைக் காத்தது. அதைச் செய்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அரத்தின் வரிகளே அவருடைய கையெழுத்து. அது உழைப்புக்குத் தாங்காததாயின் கழற்றத்தான் வேண்டும். அப்போதும் அதன்மேல் ஒரு சீட்டுக் கட்டி, எங்கிருந்து எடுத்ததென எழுதி வைப்பது, பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியரின் நேர்மைக்கு ஒப்பாகும். அவ்வாறே, புதிதாகச் செய்த உறுப்பின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்தால், பின்வருவோர் அதனை மூலமென மயங்கார்.

தொழிலின் பொருட்டுப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் வாழும் தமிழ் நேயர்கள், அங்குள்ள பழைய பண்ணைகளில் துருவேறிய டிராக்டர்களைக் கண்டிருக்கலாம். அவை எடைக்கு விற்கப்பட்டு உலையில் உருகிவிட்டால், எஞ்சிய சாட்சியும் அழியும். உரிமையாளரின் இசைவு பெற்றுத் தகட்டின் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாத உறுப்பையும் படம் எடுங்கள். அதனை ஓட்டிய முதியவர் உயிரோடிருந்தால், எது ஒடிந்தது, யார் செப்பனிட்டார் என்று கேட்டு எழுதுங்கள். மற்றோர் ஊரில் வேறொருவர் தேடும் காணாமற்போன உறுப்புக்கு, நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே மூலப் பிரதியாக அமையக்கூடும்.