வெனிஸுக்குப் போன மீன் (வரலாற்றுத் தொடர் – 6)

பசறையிலும் ஹப்புத்தளையிலும் நம் சனங்கள் பறித்த கொழுந்து கப்பலேறும்போது அதன்மேல் ஒரு வரி விழும். அந்தப் பணத்தில் நடந்தது தேயிலைப் பிரசார சபை. சபையின் செலவில் பேசில் ரைட் எடுத்து 1934இல் வெளிவந்த படம் 'சோங் ஒஃப் சிலோன்'. அதற்குப் பின்னணிக் குரல் கொடுத்த லயனல் வென்ட்டின் கொழும்பு வீட்டில்தான், 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி '43 குழு' என்ற கலைஞர் குழு பிறந்தது. போன வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ என்று குழுவில் பலர். என் மனதை உலுக்குபவர் ஜஸ்டின் தெரணியகல.

1903இல் வளவுக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சட்டம் படித்தார். பிறகு லண்டன் ஸ்லேட் கலைக்கல்லூரி, பாரிஸில் ஜூலியன் அக்கடமி. ஊர் திரும்பியதும் பஸ்யாலை நுகேதொல வளவில் தங்கிவிட்டார். விற்றுப் பிழைக்கும் தேவை இல்லாததால் யாருக்காகவும் தூரிகையை அடக்கவில்லை.

அவர் வரைந்த தாய்மாரைக் கிட்ட நின்று பாருங்கள். வண்ணம் தடித்துக் கிடக்கும். முகம் ஒரு பக்கம் இழுபட்டிருக்கும்; கண்கள் முகத்துக்கு அடங்காமல் பெருத்திருக்கும். பிள்ளையை அணைத்த கை அளவுக்கு மீறி வீங்கியிருக்கும், விட்டால் யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. உடல் கோணியது வரையத் தெரியாததால் அல்ல. ஸ்லேட்டில் உடற்கூறு பழகிய கை அது. பயத்தையும் பாசத்தையும் எலும்புவரை கொண்டுபோக வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. தேயிலை விளம்பரங்களில் கூடையோடு சிரிக்கும் பெண்ணைவிட, லயத்து வாசலில் பிள்ளையோடு நிற்கும் நம் தாய்க்கு இந்த முகமே நெருக்கமானது. அவர் தோட்டத்தை வரைந்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பதுளைப் பிள்ளைகளுக்கு இந்த ஓவியங்களைக் காட்டியே ஆகவேண்டும்.

குழுவின் படங்கள் 1952இல் லண்டனிலும் 1953இல் பாரிஸ் பெற்றி பலேயிலும் தொங்கின. அதே 1952இல் இங்கே பொதுத்தேர்தல். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டைப் பறித்து, அடுத்த ஆண்டு வாக்கும் போய், ஊவா மலைகளில் நம் சனங்கள் வேடிக்கை பார்த்து நின்ற தேர்தல். கொழும்புக் கலைஞர்களுக்கு உலகம் திறந்த நேரத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு நாடே மூடிக்கொண்டது. இந்த இரண்டையும் ஒரே வரலாறாகவே நான் படிக்கிறேன்.

பிறகு வந்தது 1956. ஜூன் 5ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. வெளியே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் செய்த தமிழர்கள்மேல் கும்பல் பாய்கிறது, மண்டைகள் உடைகின்றன.

அதே ஆண்டு வெனிஸ் நகரில் இருபத்தெட்டாவது பியன்னாலே. உலகத்து ஓவியங்களெல்லாம் குவிந்த அந்த மண்டபங்களில், பஸ்யாலையிலிருந்து போன ஒரு படமும் இருக்கிறது. பெயர் 'மீன்'. யுனெஸ்கோ பரிசை யாருக்குக் கொடுப்பது என்று நடுவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

அவர்கள் கண் எந்தப் படத்தில் போய் நின்றது?

(அடுத்த வாரம்)