ஹந்தானை யாருடைய காணி?

பிலிமத்தலாவை உறவுகளே,

மலைச் சாய்வில் ஹோட்டல் கட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் சொல்வது இதுதான்: "அது சும்மா கிடக்கிற காடுதானே சேர்." இந்தச் "சும்மா கிடக்கிற" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1840இல் ஆங்கிலேய அரசாங்கம் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. காடு, தரிசு, குடியில்லாத காணி, பயிரிடாத காணி எல்லாமே, வேறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குச் சொந்தம் என்றது அது. கண்டிப் பகுதியில் சேனைக் காணியைக் கேட்பதற்கும் சன்னஸ் காட்ட வேண்டும், அல்லது வழமையான வரி கட்டியதை நிரூபிக்க வேண்டும். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் பரம்பரையாக அந்தக் காட்டுக்குப் போய்வந்த கிராமத்தவரிடம் பாவனை இருந்தது, பத்திரம் இருக்கவில்லை. தவள மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றிச் சென்ற நம் முன்னோரும் இந்த மலைப் பாதைகளால் நடந்தவர்கள்தான். பாதைக்கு யார் உறுதி எழுதி வைத்தார்கள்?

அந்தச் சட்டத்தின் பின்னணி கோப்பி. 1820களிலேயே தேசாதிபதி எட்வர்ட் பான்ஸ் நமக்குப் பக்கத்திலுள்ள கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் போட்டுவிட்டார். பிறகு முடிக்குரிய காணி ஏக்கர் 5 ஷில்லிங் என்ற ஆரம்ப விலைக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் அது 20 ஷில்லிங் ஆனது. வாங்கியவர்களில் அரச உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். 1869இல் கோப்பிக்கு இலை நோய் வந்தது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. வெட்டிய காடு திரும்பி வரவில்லை.

1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்த பிறகே, 5000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டுவது தடைசெய்யப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி இன்று மிஞ்சியிருப்பதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் ஹந்தானையின் உச்சி 4000 அடியைக்கூட எட்டாது. நம் மலை அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது.

சட்டம் காக்காத இடங்களில் மக்கள் கேள்வி கேட்டார்கள். 1970களில் கொஸ்கம ஒட்டுப்பலகை ஆலைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கள் மரம் வெட்டின. எதிர்ப்பு வலுத்தது, 1977இல் வெட்டுவது நின்றது. 1988இல் அதே காடு உலக மரபுரிமை ஆனது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் மினரல் கிங் என்ற மலைப் பள்ளத்தாக்கு அரச வன நிலம். 1960களில் டிஸ்னி நிறுவனம் அங்கே பனிச்சறுக்கு உல்லாச விடுதி கட்டத் திட்டமிட்டது. சியரா கிளப் வழக்குப் போட்டது. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் வழக்கு இழுபட்ட காலத்தில் மக்கள் கருத்து மாறியது. 1978இல் பள்ளத்தாக்கு செக்கோயா தேசிய பூங்காவோடு சேர்க்கப்பட்டது. விடுதி வரவேயில்லை.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேட் வழக்கு முக்கியமானது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்றுக் காக்க வேண்டும், நினைத்தபடி கொடுத்துவிட முடியாது என்ற கருத்தை உயர் நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது. நம் பாஷையில் சொன்னால், அது அமானிதம். வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இப்போது ஹந்தானைக்கு வருவோம். 2010 பெப்ரவரியில் அது சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிய செய்திகள் ஓயவில்லை. சாய்வை வெட்டினால் மண் பிடிமானம் இழக்கும், ஊற்று வற்றும். ஹந்தானையின் நீரோடைகள் மகாவலிக்குப் போகின்றன. அந்தத் தண்ணீரைத்தான் கண்டியும் பேராதனையும் குடிக்கின்றன.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் பித்தளைக் கடைகளும் வேன் ஓட்டும் நம் பிள்ளைகளும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ஆனால் வருகிறவர்கள் மலையைப் பார்க்கத்தானே வருகிறார்கள்?

சாய்வில் புதிதாக மண் வெட்டுவதைக் கண்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். காணி யாருடையது, அனுமதி கொடுத்தது யார், எந்தத் திகதியில் என்று கேளுங்கள். சிங்களத்தில் எழுத உதவி தேவையென்றால் பின்னேரம் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

1840இல் நம் மூதாதையரிடம் பத்திரம் கேட்டார்கள். இன்று பத்திரம் கேட்கும் உரிமை நம் கையில் இருக்கிறது.