ஒரு வினாவின் பயன்

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் பயின்றதுண்டா என வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான ஐயரும் அவற்றைக் கற்றிருக்கவில்லை.

அவ்வினா வீண்போகவில்லை. ஐயர் சுவடி தேடி ஊரூராக அலைந்தார். சிந்தாமணியின் சமணக் கருத்துகளைச் சமணரிடமே கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அவர்தம் பதிப்புகள் வெளிவந்தன. நம் புலவர்களை நாம் மீண்டும் அறிந்தோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மிடையே, தமிழெழுத்து அறியாது வளரும் பிள்ளைகள் பலர். ஏட்டிலிருந்தும் படிப்பாரின்றி மறைந்திருந்த புலவர்கள், அச்சிலிருந்தும் மறைந்துபோகலாமா? முதலியார் கேட்ட வினாவை நம் இல்லங்களில் நாமே கேட்போமாக.