ராத்தங்கல்

சென்னையிலிருந்து கடலோரமாகவே ராமேஸ்வரம் போவதென்று நாலு பேர் முடிவு செய்தோம். வாடகை வண்டி, ஓட்ட ஒரு அண்ணன். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க ஒரே பேச்சுதான்: எங்க தங்குறது? ஒருத்தனுக்கு மாமல்லபுரம், இன்னொருத்திக்குப் புதுச்சேரி, எனக்குத் தரங்கம்பாடி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே மட்டும் யாரும் ஒரு ஊர்ப் பேரும் சொல்லவில்லை. "அங்க என்ன இருக்கு? நேரா ராமேஸ்வரம் போயிடலாம்."

என்னதான் இருக்கிறதென்று மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிராம்பட்டினம், ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல். ஒரு ஊரின் பேரிலேயே சத்திரம் இருக்கிறது!

நாம் நிற்காமல் கடந்துபோகிற இந்தப் பக்கம், ஒருகாலத்தில் ஜனங்கள் தங்குவதற்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட வழி. வடக்கேயிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தே வந்த யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய அரசர்கள் சத்திரங்கள் கட்டி, செலவுக்கு நிலங்களையும் எழுதிவைத்தார்கள். உள்ளே ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். கடலோரத்தில் ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல். அன்றைக்கு ஊரைத் தேர்ந்தெடுத்தது கால்தான். கால் ஓய்கிற இடத்தில் ஒரு கூரை இருக்க வேண்டும், அவ்வளவே.

1799 உடன்படிக்கையோடு தஞ்சையின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. 1801இல் இரண்டாம் சரபோஜி, ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ராஜ்ஜியம் போன மனிதர் சத்திரங்களுக்காக வாதாடுகிற கடிதம் அது. அங்கே என்னவெல்லாம் நடக்கிறதென்று வரிசையாகச் சொல்கிறார். எந்தச் சாதி யாத்ரீகர் வந்தாலும் சோறு உண்டு. நோயில் விழுந்தால் குணமாகும்வரை வைத்தியம், குழந்தைகளுக்குப் பால், இறந்துபோனால் இறுதிச் சடங்கு. மழை பிடித்துக்கொண்டால் விடும்வரை தங்கலாம். என்னை நிறுத்தியது ஒரு சின்ன விவரம். நள்ளிரவில் மணி அடிப்பார்களாம். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடட்டும் என்று.

இதை வைத்துப் பொற்காலம் என்றெல்லாம் கிளம்பிவிட வேண்டாம். சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலம்தான் அது. ஆனாலும், விட்டுப்போன ஆளைத் தேடி ஒரு மணி அடித்தது.

அதே தஞ்சை மண்ணில் இதற்கு நேர்மாறான காட்சி 1930இல். ஏப்ரல் 13 அன்று ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக் காய்ச்ச நடந்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், பதினைந்து நாள். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஊரில் படுக்க வேண்டும். தஞ்சை கலெக்டர் தார்ன் அங்கேதான் கை வைத்தார். அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில் என்று அறிவித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பகோணத்தில் விருந்து வைத்தவர் ஜெயிலுக்கே போனார். எங்கே தங்குவது என்று நடந்தவர்கள் மட்டும் முடிவு செய்யவில்லை. தங்கவைக்கிறோம் என்று ஊரும் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். முதல் ராத்திரி புதுச்சேரி. அறை அழகு, ஜன்னலைத் திறந்தால் கடல். நடுராத்திரி சார்ஜரை எடுக்க வண்டிக்குப் போனேன். ஓட்டுநர் அண்ணன் சீட்டைச் சாய்த்துப்போட்டு, கொசுவுக்குத் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார்.

"ரூம் தரலையாண்ணே?"

"இங்கல்லாம் டிரைவருக்குத் தர மாட்டாங்க தம்பி. பழகிடுச்சு."

ஒரு வாரம் முழுக்க ஊர் தேடியிருக்கிறோம். அவர் எங்கே படுப்பார் என்று நாலு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சரபோஜியின் கடிதத்தைப் படித்துவிட்டு வந்த நானும்தான்.

மறுநாள் ஒவ்வொரு ஊராகப் போன் போட்டோம். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அஞ்சு பேர் வர்றோம், அஞ்சு பேருக்கும் கட்டில் இருக்கா?" பட்டுக்கோட்டையில் ஒரு பழைய லாட்ஜில் இருந்தது. கடலோர வழியிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்ப வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டுதான் தெரிந்தது. ஓட்டுநர் அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே தூங்கிப்போனார்.