இலங்கை வேட்டை வரலாற்றில் இடியன் துவக்கு

மனிதன் கைக்கொண்ட கருவிகளின் வரலாறு அவன் வாழ்ந்த சமூகத்தின் வரலாறுமாகும். ஒரு கருவி எப்பொழுது தோன்றியது என்பதிலும், அது எவர் கையில் எஞ்சி நின்றது என்னும் வினாவே சமூக வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெரிதும் பயன்தருவது. குழலின் வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு, கோலினால் இடித்து இறுக்கிச் சுடப்படும் துவக்கினை ஈழத்துத் தமிழ்க் கிராம வழக்கு ‘இடியன்’ என்னும். இவ்வினாவுக்கு அது தக்க சான்றாகும்.

1505 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் வந்த பின்னர் துவக்கு இத்தீவில் விரைந்து பரவியது. உள்ளூர்க் கொல்லர் அக்கலையை விரைவிற் கைவரப் பெற்றனர். 1596 இல் வெளிவந்த தமது நூலில், இத்தீவினர் செய்த துப்பாக்கிக் குழல்களை லின்ஸ்கொட்டன் என்னும் ஒல்லாந்தர் வியந்து பாராட்டியுள்ளார். விசைப்பொறி இடப்பக்கத்தே அமைந்திருத்தல் இலங்கைத் துவக்குகளின் தனி இயல்பாகும். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற பொருள்களுள், ‘மகா துவக்கு’ எனப்படும் மதிற் துவக்குகள் இரண்டு, 2023 இல் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு மீண்டமை குறிப்பிடத்தக்கது. துருக்கி மொழி வழிவந்த ‘துவக்கு’ என்னும் சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவாய் அமைந்தமை, இக்கருவி இரு மக்களின் வாழ்விலும் இடம்பெற்றமையைக் காட்டும்.

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையே பழைய வெடிமருந்து. அதில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெடியுப்பாகும். வௌவால்கள் உறையும் குகைகளின் மண்ணோடு மரச்சாம்பலைச் சேர்த்து வெடியுப்பு எடுக்கும் முறையை, யோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். எனவே, துவக்கும் மருந்தும் பெருமளவுக்கு உள்நாட்டுத் தொழிற்றிறனுள் அடங்கியவையாய் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியர் ஆட்சியில் வேட்டை அதிகாரிகளின் பொழுதுபோக்காயிற்று. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றவர் எனப்பட்டார். சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள துவக்கொன்றைக் கொண்டு யானை வேட்டையாடினார். இவர்கள் கையாண்டவையும் வாய்வழித் துவக்குகளே. மறுபுறம், யானையொன்றுக்குச் சில சிலிங்குகள் வீதம் அரசே பரிசு வழங்கிற்று. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வட பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டதாக எமேர்சன் ரெனென்ற் 1859 இல் எழுதினார். பயிரை அழிக்கும் விலங்கினைக் கொல்வது அன்று குற்றமாகக் கருதப்படவில்லை. அரசு ஊக்குவித்த பணியாகவே அது விளங்கியது.

1884 இல் பிரான்சிற் போல் வியேய் புகையில்லா மருந்தினை ஆக்கினார். பழைய மருந்து எரிந்ததும் அதிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி திண்மமாய் எஞ்சிப் புகையாகவும் கசடாகவும் படியும். புதியதோ பெரும்பாலும் வாயுவாகவே மாறி, மிகுந்த அழுத்தத்தைத் தோற்றுவிக்கும். அவ்வழுத்தத்தைத் தாங்கவியலாத இடியனிற் புதிய மருந்தை இட்டாற் குழல் வெடித்துச் சுடுபவனே மாய்வான். ஆதலின் புதிய வசதியைப் பெறவேண்டின், பின்வழித் தோட்டாவிடும் புதிய துவக்கையே வாங்கவேண்டும். துரைமார் அதனை வாங்கினர்; சேனைப் பயிர்ச்செய்கையாளன் இடியனுடனேயே நின்றான்.

சட்டங்களும் இவ்வேறுபாட்டை வலுப்படுத்தின. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனை நிறுவியோரிற் பலர் வேட்டையாடுவோரே. 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம் துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டிற்று. 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காடுகளைக் காக்க இச்சட்டங்கள் இன்றியமையாதனவே. எனினும், பாட்டனுக்குப் பரிசு பெற்றுத்தந்த செயலே பேரனைக் குற்றவாளியாக்கிய முரண்பாட்டை வரலாறு மறைத்தல் ஆகாது.

ஐக்கிய அமெரிக்காவிற் புகையில்லா மருந்தைத் தாங்கவல்ல வாய்வழித் துவக்குகளும் இன்று ஆக்கப்படுகின்றன. அங்கு அது விரும்பி மேற்கொள்ளும் விளையாட்டு. இங்கு இடியன் வறுமையின் எச்சம். அதன் மற்றொரு வடிவமாகிய ‘கட்டுத்துவக்கு’ விலங்குகளின் வழித்தடத்திற் பொருத்தப்பட்டு, பன்றியென்றும் யானையென்றும் மனிதனென்றும் பாராது இன்றும் உயிர்களைப் பறிக்கின்றது. அக்கொடுமைக்கு நியாயம் கூறல் இயலாது. ஆனால், விளைச்சலைக் காக்க வேறு வழியைக் காணாத உழவனிடமிருந்து துவக்கைப் பறிப்பதுடன் அரசின் கடமை முற்றுப்பெறாது. அவன் பயிருக்கு வேலியும், அழிந்த பயிருக்கு ஈடும் உறுதிசெய்யப்படும்போதே இடியன் தன் இறுதி இருப்பிடமாகிய நூதனசாலையைச் சென்றடையும்.